எட்டு விரலோடு எழுபத்தைந்து கிலோமீற்றர்

2 பெப்ரவரி 2025, ஞாயிறு

பூசையால் வந்த கையோடு இவர் கோச் கொப்பியை எடுத்துவிட்டார். யாத்திரை ஜூலையில், பெயர் எழுதுவது பெப்ரவரியில். லண்டன் ஸ்ட்ரெதத்தில் இருந்து வால்சிங்கம் மாதா கோவிலுக்குத் தமிழர் போகிற கோச்சுக்குப் பதினேழு வருடமாக இவர்தான் பொறுப்பு. யாருக்கு எந்த இருக்கை, யாருக்கு வாந்தி வரும், யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது, எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. புதுப் பக்கத்தில் தேதி போட்டு, கோடு அடித்து, முதலாவதாக என் பெயரை எழுதினார். "1. டொலறஸ்."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை நான் கோச்சிலை வரேல்லை. நடந்து வாறன்."

சிரித்தார். "எங்கையிருந்து? ஸ்ட்ரெதம் ஹில்லிலையிருந்தோ?"

"தெற்ஃபோர்ட்டிலையிருந்து. அந்தக் காட்டுக்குள்ளாலை."

சிரிப்பு நின்றது. கொப்பியை மூடினார். மத்தியானம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். என் மனுசன் கிறிஸ்துநாயகம் பேசாமல் சாப்பிட்டால் கறிக்கு உப்புக் காணாது என்று வழக்கமாக எனக்கு விளங்கும். இன்று உப்புச் சரியாகத்தான் இருந்தது.

3 பெப்ரவரி, திங்கள்

ஏன் என்று எழுதி வைக்கிறேன். பிறகு மனம் மாறப் பார்த்தால் எடுத்து வாசிக்க உதவும்.

கோச் காலை ஆறு மணிக்கு வெளிக்கிடும். லண்டனைத் தாண்டியதும் இவர் மைக்கைப் பிடித்துச் செபமாலை தொடங்குவார். அதில் நாலாவது பத்து மணிகளை உருட்டும்போது றோட்டின் இரண்டு பக்கமும் பைன் மரங்கள் தொடங்கும். நான் கண்ணை மூடுவேன். காடு முடிந்து வயல் வரும்வரை திறக்க மாட்டேன். பதினேழு வருடமும் இப்படித்தான். கோவில் கமிட்டி மாலினி ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள்: "டொலறஸ் அக்கா கண்ணை மூடினா எண்டால் மாதா முன்னாலை வந்து நிக்கிறமாதிரி இருக்கும்."

மாதாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் செபிக்கவே இல்லை. ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று… பதினொன்று.

1999 கடைசியில், ஊரில் இருந்து லண்டனுக்குக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்களைப் பைன் காட்டுக்குள் இறக்கிவிட்டான். பதினொரு பேர், அதில் பெண்கள் மூன்று. பெலாருஸ் என்றான் ஒருவன், லிதுவேனியா என்றான் இன்னொருவன். எந்த நாட்டுக் காடு என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆறு இரவு நடந்தோம், பகலில் சருகுக்குள் படுத்துக் கிடந்தோம். வாகனச் சத்தம் கேட்டால் குப்புற விழ வேண்டும். ஒருவன் பிஸ்கற் கடித்த சத்தத்துக்கு வழிகாட்டி அவன் வாயிலேயே அடித்தான். "கொஞ்ச நேர நடை" என்றார்கள் என்று நான் கன்வஸ் சப்பாத்துப் போட்டிருந்தேன். பனி. நாலாம் நாள் இடது கால் என்னுடையதாக இருக்கவில்லை. கடைசி இரண்டு இரவும் இராஜேந்திரன் என்ற ஒருவர் என்னை முதுகில் சுமந்தார். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

இவர் அப்போது லண்டனில். எல்லோருக்கும் சொன்னார்: "மனுசி ஸ்பொன்சரிலை பிளேனிலை வந்தவ." கலியாண வீடுகளில் யார் எப்படி வந்தோம் என்று கதை தொடங்கினால், நான் வாய் திறக்க முன்னம் இவர் அந்தப் பிளேனைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதில் என்ன சாப்பாடு தந்தார்கள் என்றுகூடச் சொல்வார்.

போன ஜூலையில் காட்டு றோட்டில் கோச் சடாரென்று பிறேக் போட்டது. தெரியாமல் கண்ணைத் திறந்துவிட்டேன். நல்ல வெயில். மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும், முதுகில் பையோடு நடந்து போகிறாள். கையில் அப்பிள். நறுக்கென்று கடிக்கிறாள். அவளை ஒருவரும் "உஷ்" என்று அடக்கவில்லை.

எனக்கு அது வேண்டும். பகலில், பைன் காட்டுக்குள், சத்தம் போட்டு ஒரு அப்பிள். அவ்வளவுதான் விஷயம்.

15 பெப்ரவரி, சனி

வரைபடம் வாங்கினேன். குசினி மேசை முழுவதும் விரிகிறது. தெற்ஃபோர்ட் ஸ்டேஷனில் இருந்து வால்சிங்கம் வரை நூலை வைத்து அளந்தேன். எழுபத்தைந்து கிலோமீற்றர் வருகிறது. நாளுக்குப் பதினைந்து, ஐந்து நாள். ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை, நிலம் ரொட்டிக்கல் மாதிரித் தட்டை. முதல் மூன்று நாளும் காடும் "ஹீத்"தும். ஹீத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? மணல் தரை, முழங்கால் உயரப் பற்றை, ஊதாப் பூ. பற்றைவெளி என்று வைத்துக்கொள்கிறேன்.

இவர் கறிச்சட்டியைக் கொண்டுவந்து நேரே காட்டின் மேல் வைத்தார். காட்டில் இப்போது ஒரு வட்டமான எண்ணெய்க் கறை. பரவாயில்லை. பாதை தெரிகிறது.

1 மார்ச், சனி

கொப்பியைத் திறந்து என் பெயரை வெட்டினேன்.

2 மார்ச், ஞாயிறு

திரும்ப எழுதியிருக்கிறார். "1. டொலறஸ்." பேனையை அழுத்தி.

8 மார்ச், சனி

சப்பாத்துக் கடை. விற்கிற பையன் சொக்ஸைக் கழற்றச் சொன்னான், காலை அளக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். இருபத்தைந்து வருடமாக என் இடது காலை ஒருவரும் பார்த்ததில்லை. ஓகஸ்டிலும் சொக்ஸ் போட்டுத்தான் படுக்கிறேன். இவரும் பார்த்ததில்லை, பார்க்கக் கேட்டதும் இல்லை.

சொக்ஸோடு அளந்தான். "முன்னால் ஒரு பக்கம் இடைவெளி இருக்கிறதே" என்றான். "ஓம், இருக்கும்" என்றேன். ஆட்டு ரோமம் கொஞ்சம் தந்தான், இடைவெளியில் அடைக்க. கேள்வி கேட்காத நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்தால் மகள் பெனிற்றா சப்பாத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறாள். "அம்மா, எவரெஸ்ட் ஏறப் போறீங்களா?" இருபத்து நாலு வயது, மருந்துக் கடையில் வேலை. வாய் அப்பாவுடையது. பிறகு மெல்லக் கேட்டாள்: "சீரியஸ்லி, உங்கட கால் ஓகேயா? அந்த கேற் விழுந்த கால்?"

ஊரில் சின்ன வயதில் இரும்புக் கேற் விழுந்து விரல் போனது. அதுதான் அவளுக்குச் சொன்ன கதை. இவர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். காடு, கன்வஸ் சப்பாத்து, இராஜேந்திரன், ஆஸ்பத்திரி. கண் வெட்டாமல் கேட்டாள்.

"அப்ப கேற் இல்லையா?"

"கேற்றும் இல்லை, பிளேனும் இல்லை."

"வாட் த…" என்று தொடங்கி அம்மா முன்னால் என்று நிறுத்திவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "ஏன் என்னட்ட சொல்லேல்ல? ஏன்?" என்று குசினிக்குள் மூன்று தரம் நடந்தாள். கடைசியில் என் போனைப் பறித்து எதையோ தட்டினாள். நான் எங்கே நின்றாலும் அவளுக்குத் தெரியுமாம். "நீங்க போறீங்க. அவ்வளவுதான்."

22 மார்ச், சனி

நடக்கிற அடியை எண்ணுகிற பெனிற்றாவின் கைக்கடிகாரத்தை ஒரு ஷிப்டுக்குக் கட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் வார்ட் வார்ட்டாகச் சாப்பாட்டு வண்டில் தள்ளுகிற வேலை. பதினாறாயிரத்து நானூறு காலடி! பதினொரு கிலோமீற்றராம். வண்டிலையும் தள்ளிக்கொண்டு, எட்டு விரலோடு, வாரத்தில் ஐந்து நாள். "உம்மாலை நடக்க ஏலாது" என்கிறார் இவர். இவ்வளவு நாளும் நான் என்ன பறந்தா திரிந்தேன்?

12 ஏப்ரல், சனி

எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

ஒத்திகை. கிளாப்ஹம் ஜங்ஷனில் ரெயின் ஏறிச் சரே பக்கம் ஒரு பற்றைவெளிக்குப் போனேன். நடுவில் பைன் தோப்பும் உண்டு. வெளிச்சமான காலை. முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. மரங்களுக்குள் பத்து நிமிடம் நடந்திருப்பேன், எங்கோ ஒரு ஜீப் சத்தம்.

பிறகு நான் தரையில் கிடந்தேன். குப்புற. எப்படி விழுந்தேன் என்று தெரியாது. முகம் மணலுக்குள். வாயைக் கையால் பொத்தியிருந்தேன். ஐம்பத்தைந்து வயதில்!

ஜீப் போய்விட்டது, காவற்காரருடையதாக இருக்க வேண்டும். என்னால் எழும்ப முடியவில்லை. ஒரு நாய் வந்து கழுத்தை மணந்தது, பின்னால் அதன் சொந்தக்காரி. "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன்: காதுத்தோடு.

அந்த நல்ல மனுசி முழங்காலில் இருந்து என்னோடு சேர்ந்து தேடினாள். இருபது நிமிடம். நாயும் தேடியது. இரண்டு தோடும் தொப்பிக்குள் என் காதிலேயே கிடந்தன. கிடைத்தால் அனுப்புவதாக என் நம்பரை வேறு வாங்கிக்கொண்டாள்.

ரெயினில் வரும்போது சிரிப்பு வந்தது. வீட்டுக் கதவைத் திறக்கும்போது அது நின்றுவிட்டது. ஒரு ஜீப்புக்கே இப்பிடி எண்டால் அஞ்சு நாள் எப்பிடி? ஆரை நான் ஏமாத்துறன்? இவர் சொன்னது சரிதான். ஏலாது. என்னாலை ஏலாது.

13 ஏப்ரல், ஞாயிறு

குருத்து ஞாயிறு. கொப்பியில் என் பெயரை நான் வெட்டவில்லை.

14 ஏப்ரல், திங்கள்

ஏலும்.

வெட்டினேன்.

4 மே, ஞாயிறு

இராஜேந்திரனுக்கு போன் எடுத்தேன். இல்ஃபோர்டில் இருக்கிறார். இருபத்தைந்து வருடத்தில் மூன்றோ நாலோ தடவைதான் பேசியிருப்பேன். இவர் அவரை ஒரு விசேஷத்துக்கும் அழைத்ததில்லை. பெனிற்றா கோவிலில் முதல் நன்மை எடுத்த விருந்துக்கும் இல்லை. கொப்பியில் நூற்றைம்பது குடும்பத்தின் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் இல்லை.

நடக்கப் போகிறேன் என்று சொன்னேன். வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தங்கச்சி, உனக்கு விசரே?" என்றார். "அந்த மரத்தைக் கண்டாலே நான் மற்றப் பக்கம் திரும்பிடுவன். கிறிஸ்மஸுக்குக்கூட நான் பிளாஸ்டிக் மரம்தான் வைக்கிறனான். அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்."

"நீங்கள் வரவேண்டாம் அண்ணை. ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். நான் அப்ப கனமே?"

"நீயோ? தோலும் ரெண்டு எலும்பும். இப்பவெண்டால் தூக்கேலாது, நாரி, முதுகு எல்லாம் போட்டுது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். வைக்கும்போது கேட்டார்: "உன்ரை மனுசனுக்கு என்னிலை என்ன கோவம்?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியும்.

18 மே, ஞாயிறு

மாலினி மணியடித்து வந்துவிட்டாள். விஷயம் பரவிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்தபடி, "அக்கா, நேர்த்தியோ?" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் நேர்த்தி என்றால் எதையும் செய்யலாம். முழங்காலில் போகலாம், மொட்டை அடிக்கலாம், வேலையை விட்டுவிட்டுப் போகலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாதாவுக்கு வைத்த நேர்த்தியைத் தடுக்க யாருக்குத் துணிவு இருக்கிறது? ஆசைக்கு நடக்கிறேன் என்றால் மட்டும் பெண்ணுக்கு மூளை பிசகிவிட்டது.

இல்லை என்றேன். "பிறகேன்?" என்றாள். "அப்பிள் தின்ன" என்றேன். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இவர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "நேர்த்தி எண்டு சொல்லுமன். ஒரு சொல்லுத்தானே. மிச்சத்தை நான் சமாளிக்கிறன்."

"இன்னொரு பொய்யோ? பிளேன் ஒண்டு காணும் எனக்கு."

அவ்வளவுதான், வெடித்தது. "நான் ஏன் சொன்னனான் எண்டு தெரியுமே உமக்கு? பொம்பிளையள் ஏஜென்சியோடை தனிய வந்தால் இஞ்சை என்ன கதைக்கிறவை எண்டு தெரியுமே? ஆரோ ஒருத்தன்ரை முதுகிலை வந்தவ எண்டு தெரிஞ்சால்…"

"ஓம். ஒருத்தன்ரை முதுகிலை வந்தனான்" என்றேன். கத்தவில்லை என்று நினைக்கிறேன். பெனிற்றா மாடியில் இருந்து இறங்கி வந்துவிட்டாள், ஆகவே கத்தியிருக்க வேண்டும். "அந்த முதுகு இல்லையெண்டால் உங்களுக்கு மனுசி இல்லை. இந்தப் பிள்ளை இல்லை. கதைக்கிறவை கதைக்கட்டும். நான் என்ன களவே எடுத்தனான்?"

இவர் கதிரையில் இருந்துவிட்டார். கையில் கோச் கொப்பி. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சொன்னாரா கொப்பிக்குச் சொன்னாரா தெரியாது.

"அவன் எனக்குப் பிளேன் எண்டுதான் சொன்னவன், டொலறஸ்."

ஏஜென்சிக்காரனைச் சொல்கிறார். நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

19 மே, திங்கள்

வேலையில் முழு நாளும் அதுவே. இருபத்தைந்து வருடமாக இவர் ஊருக்குச் சொல்லுகிற பொய் இவருக்குச் சொல்லப்பட்ட பொய். நான் பிளேனில் வந்து இறங்குவேன் என்று ஏர்போர்ட்டுக்குப் போய்க் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனுசன். எத்தனை நாள் நின்றார்? நான் கேட்டதே இல்லை.

பாவம்தான். அதற்காக நான் கோச்சில் ஏற முடியாது.

8 ஜூன், ஞாயிறு

சரேக்குத் திரும்பப் போனேன். அதே தோப்பு. ஜீப் வந்தது. பக்கத்தில் நின்ற மரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டி வந்தவன் கையைக் காட்டினான், நானும் காட்டினேன். உள்ளங்கை முழுவதும் பைன் பிசின், வீடு வரும்வரை போகவில்லை.

21 ஜூன், சனி

நாலு இரவுக்கும் அறை பதிந்தாயிற்று. ஓர் இடத்தில் வயதான பெண்குரல், "தனியாகவா வருகிறீர்கள்?" என்று கேட்டது. "ஓம், என் விருப்பத்தில்" என்றேன். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன் இப்போது.

பைக்குள்: இரண்டு சோடி சொக்ஸ், மழைச்சட்டை, வரைபடம், ஆட்டு ரோமம், செபமாலை (பழக்கத்துக்கு), மிளகாய்த்தூள் ஒரு சிறு போத்தல் (வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்கு), அப்பிள் இரண்டு, புறப்படும் அன்று வைக்க வேண்டும்.

8 ஜூலை, செவ்வாய்

கொப்பியில் "1. டொலறஸ்" என்று இன்னும் இருக்கிறது. ஏழு தரம் வெட்டி ஏழு தரம் எழுதி, பேப்பர் கிழிந்து, இப்போது செலோரேப் ஒட்டி அதன் மேல் எழுதியிருக்கிறார். செலோரேப்பில் பேனை பிடிக்கவில்லை, எழுத்து மங்கல். இந்த முறை நான் தொடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஆள் இருக்க மாட்டாள்.

9 ஜூலை, புதன்

இவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நித்திரை இல்லை, எனக்குத் தெரியும், நித்திரை என்றால் குறட்டை வரும். "போயிட்டு வாறன்" என்றேன். வந்துவிட்டேன்.

தெற்ஃபோர்ட். ஊரைத் தாண்டியதும் பற்றைவெளி. வானம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று லண்டனில் மறந்தே போகிறது. மணலில் சப்பாத்துப் புதைகிறது. முயல்கள் என்னைக் கண்டு ஓடின. என்னைக் கண்டு ஓட ஒரு சீவன்!

பதினாறு கிலோமீற்றர். கால் நோகிறது, நியாயமான நோவு.

10 ஜூலை, வியாழன்

காடு.

பத்து மணிக்கு உள்ளே போனேன். மரங்கள் நேர்வரிசையில் நின்றன, பார்க்கும் இடமெல்லாம் நேர்வரிசை. அதே மணம். அந்த மணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கோச்சின் ஜன்னல் திறக்காது. எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப ஒன்றுக்கு வந்து நிறுத்தினேன். இன்றைக்கு ஓராள்தான்.

ஒரு மணி நேரம் நடந்தபின் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நடுப்பாதையில் நின்றேன். ஓரத்தில் இல்லை. மரத்துக்குப் பின்னால் இல்லை. நடுப்பாதையில். பையில் இருந்து அப்பிளை எடுத்தேன்.

கடித்தேன். என்ன சத்தம்! காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஒருவரும் வரவில்லை. அடிக்கவில்லை. ஒரு மரங்கொத்தி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்ற நிலையில் அழுதேன், வாயில் அப்பிளோடு. பிறகு இரண்டாவதையும் தின்றேன்.

11 ஜூலை, வெள்ளி

இடப்பக்கம் முழுவதும் இராணுவப் பயிற்சி நிலம். கம்பி வேலி, சிவப்புப் பலகை, உள்ளே போகாதே. மத்தியானம் சூட்டுச் சத்தம் தொடங்கியது. எங்கள் நாட்டு ஆளுக்கு அந்தச் சத்தத்துக்கு வரைபடம் வேண்டாம், என்ன தூரம் என்று காதே சொல்லும்.

விழவில்லை. "சுடுங்கோ, சுடுங்கோ, ஆரை வெருட்டுறியள்" என்று உரத்துச் சொன்னேன். எதிரே சைக்கிளில் வந்த மனிதர் தனக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்து "குட் ஆஃப்டர்னூன்" என்றார்.

12 ஜூலை, சனி

காடு முடிந்துவிட்டது. வயல்கள். குதிக்காலில் கொப்பளம். இவரிடம் இருந்து போன் இல்லை. பெனிற்றா மட்டும், "அம்மா, யூ ஆர் எ டொட் ஒன் மை ஸ்கிரீன், நல்லா மூவ் பண்ணுது."

13 ஜூலை, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்கு முன் வந்து சேர்ந்தேன். கோச்கள் ஏற்கெனவே நிற்கின்றன. வெயில், குடை, பட்டுச் சேலைகள், கூட்டமோ கூட்டம். நான் மண் படிந்த சப்பாத்தோடு. மாலினி என்னைக் கண்டு ஒதுங்குவாள் என்று நினைத்தேன், ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அக்கா, அண்ணைக்கு இண்டைக்கு என்ன நடந்தது?"

பெனிற்றாதான் சொன்னாள். முதலாம் இருக்கையில் இவர் யாரையும் இருக்கவிடவில்லையாம். தன் பையைக்கூட வைக்கவில்லையாம். செபமாலையின் நாலாவது பத்து, பைன் மரங்கள் தொடங்குகின்றன. இவர் அருள்நிறை மரியே என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாராம். பிறகு மைக்கில்: "இதைப் பிறகு சொல்லுவம். இப்ப எல்லாரும் வெளியிலை பாருங்கோ."

மாலினி, "என்னத்தையண்ணை பாக்கிறது?" என்றிருக்கிறாள்.

"பாருங்கோ எண்டால் பாருங்கோவன்!"

ஐம்பது பேரும் காடு முடியும்வரை ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்களாம், என்னத்தைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே. இவர் முன் கண்ணாடியைப் பிடித்தபடி நின்றே வந்தாராம்.

அப்போதுதான் இவர் வந்தார். கையில் சோற்றுப் பார்சல். என்னைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தார். "மீன் குழம்பு. ஆறப்போகுது, சாப்பிடும்" என்றார். நிழலில் இருந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தார். சாப்பிட்டு முடிய, "கழட்டும் பாப்பம்" என்றார்.

"என்னத்தை?"

"இடதுகால்."

அத்தனை சனத்துக்கு நடுவில். நான் அசையாமல் இருந்தேன். இவரே குந்தி இருந்து நாடாவை அவிழ்த்தார், முடிச்சு இறுகியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். சப்பாத்து, சொக்ஸ், ஆட்டு ரோமம். என் காலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொப்பளத்தைத் துடைத்தார். அறுபத்திரண்டு வயது மனுசன், தலை குனிந்திருந்தது, நான் உச்சியை மட்டும்தான் பார்த்தேன்.

திரும்பும்போது முதலாம் இருக்கையில் இருந்தேன். காடு வந்தபோது கண் திறந்திருந்தது.

20 ஜூலை, ஞாயிறு

மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று, "இராஜேந்திரன்ரை நம்பர் இருக்கே உம்மட்டை?" என்றார்.

போனைக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டேன். அரை மணித்தியாலம் குசினியில் சத்தம் கேட்டது. முதலில் இவருடைய சத்தம் மட்டும். பிறகு சிரிப்பு.

2 ஓகஸ்ட், சனி

இராஜேந்திரன் வீட்டில் இன்று மத்தியானச் சாப்பாடு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று முதலில் ஈஸ்ட் ஹாமில் இறங்கினோம், இனிப்பு வாங்க. முப்பது பாகை வெயில். சொக்ஸுக்குள் கால் வெந்தது. செருப்புக் கடை ஒன்றின் முன்னால் நான் நின்றேன். இவர் பார்த்தார், முன்னுக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

முன் திறந்த செருப்பு, மண்ணிறம். விற்கிற பிள்ளை தமிழ்ப்பிள்ளை. கதிரையில் இருந்து சொக்ஸைக் கழற்றினேன். அவள் செருப்பைக் கையில் வைத்தபடி என் காலைப் பார்த்தாள். கண்ணை எடுக்கத் தெரியாத வயது.

"அன்ரி, கேட்டா கோவிக்காதேங்கோ… கால்ல என்ன நடந்தது?"

நான் வாய் திறக்க முன்னம், வழக்கம்போல, இவர் முந்திக்கொண்டார்.

"அவ லண்டனுக்கு நடந்து வந்தவ, பிள்ளை."